வழுக்கினால் விடு

பூட்டு என்று எல்லோரும் கூப்பிடுகிற அவள் புருஷன் ஒரு நாள் கொதிக்கிற டீப் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவைத்தார். கைப்பிடித் துணியைத் தேடவில்லை, கையை உதறவில்லை, ஒரு 'ஸ்ஸ்' கூட இல்லை. இறக்கிவைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போல வாசல் பக்கம் போய்விட்டார். அவள் பின்னாலேயே போய்ப் புருஷனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல்களில் தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது.

"எரியலையா?"

"எது?"

"கை வெந்து கிடக்கு, எதுங்கறீங்க!"

அவர் கையை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அடுத்தவர் கையைப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது. பிறகு சிரித்தார். "இது கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன கைடி. இதுல சூடாவது குளிராவது. டீயக் குடு."

பெருமையாகத்தான் சொன்னார். அவளுக்கோ அந்தப் பெருமையே பயமாக இருந்தது.

அவர் கிடங்கில் சுமை கட்டுகிறவர். லாரியில் மூட்டை ஏற்றி முடிந்ததும் மேலே தார்ப்பாயைப் போர்த்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்குவது அவர் வேலை. ஒருவன் மேலே நின்று மூட்டைகளை மிதித்து அமுக்குவான். கீழே நிற்பவன் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு காலைச் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு, மல்லாக்க விழப்போகிறவன் மாதிரிச் சாய்வான். கயிறு வழுக்குகிறதென்று தெரிந்தால் "சுத்து!" என்று ஒரு சத்தம். கை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். கீழே உள்ளவன் கயிற்றை விட்டால் மேலே உள்ளவன் மூட்டையோடு மூட்டையாகத் தரைக்கு வந்துவிடுவான். அதனால் விடுகிற பேச்சே அந்தத் தொழிலில் கிடையாது. அவர் கட்டிய சுமை எந்தப் பள்ளத்திலும் அசைந்ததில்லை என்பதால் பூட்டு என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் அவருக்கே சில சமயம் மறந்துபோகும். கிடங்கின் அடுத்த கோடியில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருக்கும் அவளுக்கு, அந்த "சுத்து!" ஒரு நாளில் எத்தனையோ தடவை காதில் விழும். புருஷன் நல்லபடியாக இருக்கிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று ஊசியை நிறுத்தாமல் தைப்பாள்.

அவளுடைய தம்பியும் அங்கேதான் சுமை கட்டினான். அவரோடு ஜோடி போட்டுக் கட்டுகிறவன். அவர் கீழே என்றால் இவன் மேலே, இவன் கீழே என்றால் அவர் மேலே. மாமனும் மச்சானும் வாய் திறந்து பேசுவது குறைவு. கயிறு வழியாகவே பேசிக்கொள்வார்கள் என்று கிடங்கில் கேலி உண்டு.

கிடங்குக்கு நர்ஸம்மா வந்துசேர்ந்தது மழைக்கு முந்திய புழுக்கத்தில். அரசாங்கச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு தராசும், ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியுமாக வந்து, எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாள். பாதிப் பேருக்கு ஒன்று இல்லையென்றால் ஒன்று இருந்தது. பூட்டுக்குச் சர்க்கரை எக்கச்சக்கம்.

"சர்க்கரை மூட்டை கட்டுறவனுக்குச் சர்க்கரை வராம உப்பா வரும்?" என்றார் அவர். வரிசை முழுக்கச் சிரித்தது. நர்ஸம்மா சிரிக்கவில்லை.

"மாத்திரை தரேன். அது பாதிதான் செய்யும். மீதி நீங்க செய்யணும். காலைல வேலைக்கு முன்னாடி மைதானத்துக்கு வாங்க, பயிற்சி சொல்லித்தரேன்."

"நாங்க நாள் முழுக்கப் பண்றது என்னவாம்?"

"அது வேலை. ஒரே தோள்ல தூக்கறீங்க, ஒரே பக்கமா இழுக்கறீங்க. உடம்பு தேயுது. நான் சொல்றது தேய்ஞ்சதச் சரி பண்றதுக்கு."

யாரும் போவதாக இல்லை. பூட்டைப் போகவைத்தது அவர் பெண்டாட்டிதான். மைதானத்துக்குப் போய் வந்தால்தான் டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல், என்று கறாராகச் சொல்லிவிட்டாள். முறைத்துக்கொண்டு போனார். தோளைச் சுழற்றச் சொன்னபோது ஆட்டம் ஆடுவதாக நினைத்து வெட்கப்பட்டார். ஆனால் குனிந்து கால் விரலைத் தொட முடியவில்லை என்று கண்ட அன்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பூட்டு போனால் கிடங்கு போகாமலிருக்குமா? மழைக்காலம் பிறப்பதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. சாக்குத் தைக்கிற பெண்களும் மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பெருமூச்சும் பேச்சுமாக அது ஒரு சின்னச் சந்தை. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள் பிடிக்காமல் எழுந்தார்கள். தசைப்பிடிப்பென்று லீவு போடுவது குறைந்தது. பூட்டுக்கும் சர்க்கரை இறங்கியது. அவளுக்கு இருந்த பூரிப்பைக் கேட்க வேண்டாம். எல்லாம் தன்னால்தான் வந்தது என்று சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, நினைத்துக்கொண்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். கிடங்கு மேஸ்திரி நிற்கவிடவில்லை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் மாவு மில். மில்காரர்களுக்கும் கிடங்குக்காரர்களுக்கும் ஏதோ ஒன்றில் மோதிப் பார்த்துவிட வேண்டும் என்று வெகுகாலமாகக் கை அரித்துக்கொண்டிருந்தது. சுகாதார நாள் வருகிறது, கயிறு இழுக்கும் போட்டி வைக்கலாம் என்று மேஸ்திரி ஆரம்பித்துவைத்தார்.

நர்ஸம்மாவுக்கு அரை மனசு. ஆனால் வேண்டாமென்று சொன்னால் மைதானமே காலியாகிவிடுமோ என்று அவளுக்கும் பயம் இருந்திருக்க வேண்டும். கயிறு பருமனாக இருக்க வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது, இழுப்பதற்கு முன் உடம்பைச் சூடுபண்ண வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"இது எல்லாத்தையும் விட முக்கியமான ஒண்ணு. யாரும் கயிறக் கையில சுத்தக் கூடாது. வெறுமனே பிடிக்கணும். வழுக்கினா விட்டுடணும்."

கூட்டம் அவளைப் பார்த்தது. நடக்கும்போது காலை ஊன்றாதே என்று சொன்ன மாதிரி இருந்தது அவர்களுக்கு.

"சுத்தாம எப்படிம்மா இழுக்கறது?" என்றான் தம்பி.

"லாரில நீ இழுக்கறது ஒரு சாக்குப் பாரம். இங்க அந்தப் பக்கம் எட்டு ஆள். எட்டு ஆளும் ஒரே நேரத்துல இழுத்தா, சுத்தின கயிறு கையை விடாது. விரலோட போயிடும். நான் பாத்திருக்கேன்."

எங்கே பார்த்தாள், யாருடைய விரல் என்று அவள் சொல்லவில்லை.

பூட்டுதான் அணித் தலைவர், கடைசியில் நிற்கிற ஆளும் அவர்தான். நர்ஸம்மா சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் ஒத்திகை. ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி இழுக்கச் சொல்லி, நடுவில் "வழுக்குது!" என்று கத்துவார். எல்லோரும் "விடு!" என்று திருப்பிக் கத்தியபடி கையைத் திறக்க வேண்டும். முதலில் ஒருவனும் திறக்கவில்லை. கை தானாகச் சுற்றிக்கொண்டது. அவர் கையும்தான். ஆளாளுக்குச் சிரித்தார்கள், பிறகு திட்டு வாங்கினார்கள், பிறகு மெல்ல மெல்லக் கைகள் திறந்தன. ஓரத்தில் நடந்துகொண்டே அவர் பெண்டாட்டி அதைக் கவனித்து வந்தாள். காலையெல்லாம் "விடு, விடு" என்று பழகிவிட்டு, சங்கு ஊதியதும் கிடங்குக்குள் போய்ப் பொழுது சாய்கிறவரை "சுத்து, சுத்து" என்று கட்டுகிறார்கள். இது எங்கே போய் முடியுமோ என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. யாரிடம் சொல்ல? சொன்னால், உனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்பார்கள்.

அந்த வாரத்தில்தான் அவர் டீப் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவைத்தது.

அவள் நேரே நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் பயிற்சி முடிந்ததும் நர்ஸம்மா அவரை ஒரு மூட்டை மேல் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சைத் திரித்து விரல்நுனிகளில் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"தொடறப்ப சொல்லுங்க."

"சரி."

நர்ஸம்மா தொட்டுக்கொண்டே போனாள். வலது கை முடிந்தது. இடது கை முடிந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாக்குத் தைக்கிற பெண்களோடு நின்ற அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார் பூட்டு, கண்ணை மூடியபடி.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்தார். எல்லோர் முகத்தையும் பார்த்தார். கடைசியில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"சர்க்கரை நரம்பக் கெடுத்திருக்கு," என்றாள் நர்ஸம்மா. "பயிற்சி பண்ணுங்க, நடங்க, மாத்திரைய விடாதீங்க. இதுக்கு மேல கெடாம பாத்துக்கலாம். ஆனா கயிறு வேண்டாம். வழுக்கறது உங்க கைக்குத் தெரியாது. அறுக்கறதும் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். "ஊர் முன்னாடி என்னை நொண்டியாக்கிட்ட இல்ல?"

"நொண்டியாகக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. டீயக் குடுன்னீங்க."

சாயங்காலம் மேஸ்திரி வந்து வாசலில் நின்றபடி புலம்பினார். கடைசி ஆள் இல்லாமல் எப்படி? கடைசி ஆள்தானே ஆணிவேர்? மில்காரன் சிரிப்பானே? பேச்சைக் கேட்கக் கேட்க, பூட்டின் முதுகு நிமிர்ந்துகொண்டே வருவதை அவள் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விட்டால் 'நானே நிக்கறேன்' என்று எழுந்துவிடுவார். அதற்குள் எப்படியாவது வாயை அடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் அவள் சொன்னாள்:

"தம்பி நிக்கட்டுமே. அவன் கை நல்லாத்தானே இருக்கு."

மேஸ்திரி தொடையில் தட்டினார். "அட, இது தோணலையே!"

தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா இடத்தில் நிற்பதென்றால் சும்மாவா? அவன் பெண்டாட்டி மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். "ஒண்ணும் ஆகாதில்ல அண்ணி?"

"என்ன ஆகப்போகுது? உங்க அண்ணன் பக்கத்துலயே நின்னு பாத்துக்குவாரு."

"அண்ணன் இருந்தா சரி," என்றாள் அந்தப் பெண்.

சுகாதார நாளன்று காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. மைதானத்தில் ஒரு பந்தல், அதில் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை, அவித்த முட்டையும் ரொட்டியும் கொடுக்க ஒரு மேசை. மில் கொண்டுவந்த கயிறு நர்ஸம்மா கேட்ட பருமனில் இல்லை, பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அவள் முகம் சுளித்தாள். வந்திருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கறத வச்சு நடத்துங்கம்மா," என்றார்.

பூட்டு எதையும் விட்டுவைக்கவில்லை. எட்டுப் பேரையும் ஓடவைத்தார், தோளைச் சுழற்றவைத்தார், முழங்காலை மடக்கி நீட்டவைத்தார். தம்பியின் இரண்டு கையையும் பிடித்து உள்ளங்கையைத் துடைத்துவிட்டார்.

"வழுக்கினா?"

"விடு."

"தோத்தாலும்?"

"தோத்தாலும் விடு மாமா. தூக்கத்துலகூட அதான் சொல்றேன்னு இவ திட்டறா."

பந்தல் ஓரத்தில் குழந்தையோடு நின்ற அவன் பெண்டாட்டி சிரித்தாள். பக்கத்தில் நின்ற அக்காவும் சிரித்தாள். பூட்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தம்பிக்குப் பக்கவாட்டில் போய் நின்றார். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்தோம் என்று மனசார நினைத்தாள்.

விசில் ஊதினார்கள். கயிறு விறைத்து நின்றது. ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் அசையவில்லை. குதிகால்கள் மண்ணைத் தோண்டின. பிறகு கிடங்குப் பக்கம் ஒரு சாண் வந்தது, இன்னும் ஒரு சாண். கூட்டத்தின் சத்தம் வானத்தைக் கிழித்தது. அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. லேசான தூறல்தான், ஆனால் கயிற்றின் நிறம் மாறுவது அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நர்ஸம்மா கையைத் தூக்கிக்கொண்டு விசில் வைத்திருந்தவரை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

தம்பியின் கையில் கயிறு வழுக்கியது. அவன் முகம் திரும்பி மாமாவைப் பார்த்தது. மேலே நிற்கும்போதும் கீழே நிற்கும்போதும் அவன் பார்க்கிற அதே பார்வை.

"சுத்து!"

கூட்டத்தின் இரைச்சலில் யாருக்குக் கேட்டதோ, கேட்கவில்லையோ. அவளுக்குக் கேட்டது. கிடங்கின் அந்தக் கோடியிலிருந்தே கேட்டுப் பழகிய புருஷனின் குரலாயிற்றே. தம்பியின் மணிக்கட்டு ஒரு சுழற்சி சுழன்றது. யோசிக்கவே இல்லை, கண் இமைக்கிற மாதிரிதான். அதே சமயம் மில்காரர்கள் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு மூச்சில் பின்னால் சாய்ந்தார்கள்.

அவன் கத்தவில்லை. முன்னால் இழுபட்டுப் போய் முழங்காலில் விழுந்தான். கயிறு இன்னும் கொஞ்ச தூரம் அவனை இழுத்துக்கொண்டு போனது. ஜெயித்துவிட்டோம் என்று மில்காரர்கள் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பக்கம் அவன் கையைப் பார்த்த ஒருவன் அலறினான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு நீளமாக இருந்தது. தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள், மருந்து வாடை மூக்கில் ஏறியது. தம்பியின் கையில் சிதைந்த நான்கு விரல்களில் இரண்டை எடுத்தாகிவிட்டது, மூன்றாவதை வைத்துக்கொள்ள முடியுமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். வலது கை. சுமை கட்டுகிற கை.

அவனைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து வார்டில் போட்டார்கள். மயக்க மருந்து பாதி தெளிந்திருந்தது. நர்ஸம்மா அவன் தலைமாட்டில் குனிந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"ஏம்ப்பா சுத்தின? அவ்வளவு சொன்னேனே."

அவன் கண் மெல்ல நகர்ந்து மாமாவிடம் போனது. பிறகு அக்காவிடம் வந்தது. அவள் முகத்தில் அவன் எதைக் கண்டானோ, உதட்டை நக்கிக்கொண்டு சொன்னான்.

"நானாத்தான் சுத்தினேன். மறந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பூட்டு வெடித்துவிட்டார். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "மறந்துட்டியா? ஒத்திகையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா! கையத் துடைச்சுவிட்டு ஒரு நிமிஷம்கூட ஆகலையே, அதுக்குள்ளயா மறந்துபோச்சு?" கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கொழந்தை பொறந்திருக்கே, அத நெனச்சுப் பாத்தியாடா? தோத்தா தலையா போயிடும்? விடுன்னு சொன்னா விட வேண்டியதுதானே!"

அவள் புருஷனின் முகத்தையே பார்த்தாள். நடிப்பு இல்லை. அவருக்கு அப்படியெல்லாம் நடிக்கத் தெரியாது. தான் கத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. சூடு தெரியாத மாதிரி, பஞ்சு தெரியாத மாதிரி, அதுவும் தெரியவில்லை. அவர் சத்தியமாக 'விடு' என்றுதான் சொல்லியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். தம்பியே மறைத்துவிட்டான். இந்த மனுஷன் இதைத் தாங்குவாரா? சர்க்கரை ஏறும், மைதானத்துக்குப் போகமாட்டார், கிடங்கில் தலை தூக்கமாட்டார். ஒருவனுக்குக் கை போனது போதாதா, இன்னொருவரையும் உயிரோடு முடக்க வேண்டுமா? வாயை இறுக மூடிக்கொண்டாள். தான் சொன்ன 'தம்பி நிக்கட்டுமே' மட்டும் மூடிய வாய்க்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போது தம்பியின் பெண்டாட்டி, இவ்வளவு நேரம் சுவரோரம் மரமாக நின்றவள், குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கட்டிலருகே வந்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் மெல்ல வற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணன் சொன்னதத்தான் கேக்கலையே," என்றாள். குரல் உயரவில்லை. "பக்கத்துலயே நின்னு சொல்லிக்கிட்டிருந்தாரே. எங்களவிட உனக்கு ஜெயிக்கறது பெரிசாப் போச்சு இல்ல? இனி யார் கையப் பாத்து நாங்க நிக்கறது?"

தம்பி கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து நீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது.

"சொல்றதக் கேக்காதவன் கதி இதுதாம்மா," என்றார் பூட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவன் மட்டும் என் பேச்சக் கேட்டிருந்தா..."

"கேட்டான்," என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் உங்க பேச்சத்தாங்க கேட்டான்."